காது கேட்கும் கருவி நனைந்துவிட்டால்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எமது செவிநலப் பிரிவுக்கு வருவோரில் சிலர், காதில் இருக்க வேண்டிய கருவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்துக் கொண்டு வருகின்றனர். மழையில் நனைந்தது, குளிக்கும்போது கழற்ற மறந்தது, சட்டைப் பையிலேயே துவைக்கப் போனது எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் அவர்கள் செய்த முதலுதவி பெரும்பாலும் ஒன்றே. சற்று நேரம் துடைத்துவிட்டு, வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்த்திருப்பார்கள். பிறகு அரிசியில் இட்டிருப்பார்கள். பிழைத்திருக்கக்கூடிய கருவி பழுதாவது அந்த இயக்கிப் பார்க்கும் நேரத்தில்தான்.

கெடுப்பது நீர் மட்டுமன்று

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் நம் அன்றாட வாழ்வில் தூய நீர் என்பதே அரிது. குழாய்த் தண்ணீரிலும், வியர்வையிலும், சோப்பு நீரிலும் உப்புகள் கரைந்துள்ளன. அந்த உப்பு நீர், கருவிக்குள் இருக்கும் நுண்ணிய செம்புத் தடங்களின் மீது படியும்போது, பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால், உலோகம் கரைந்து இடம் பெயர்கிறது. பச்சை நிறக் களிம்பு படிவது இதன் அடையாளம். மின்சாரம் இல்லையெனில் இந்த அரிப்பு மிக மெதுவாகவே நிகழும்.

திருப்பூர் வட்டாரத்தில் இதைக் கூடுதலாகக் கருத வேண்டும். பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்காகச் சாயப்பட்டறைகளில் உப்பைப் பெருமளவில் கரைப்பது வழக்கம். சாயக்கழிவால் நொய்யலாறு அடைந்த கேடும், அதன் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் இங்குள்ளோர் அறிந்தவையே. ஊருக்குள் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதும் புதிதன்று. எனவே சாயத்தொட்டி நீரோ, உவர்நீரோ, அயர்னிங் பிரிவில் நாள்முழுதும் வடியும் வியர்வையோ பட்ட கருவியை, மழைத்துளி பட்ட கருவியைப் போல எண்ணலாகாது. காய வைத்தால் நீர் ஆவியாகிவிடும்; உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

உடனே செய்ய வேண்டியவை

1. கருவியைக் காதிலிருந்து கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து பேட்டரியை வெளியே எடுங்கள். துடைப்பதும் பிறவும் அதன் பின்னரே. மீள்மின்னேற்றம் செய்யும் வகையாயின் அணைத்துவிடுங்கள். முழுமையாக உலரும்வரை சார்ஜரில் வைக்க வேண்டாம்.

2. நூலிழை உதிராத, உலர்ந்த மென்துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். வெட்டு மேசையிலிருந்து கிடைக்கும் பனியன் துண்டுகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அவற்றைத் தவிர்ப்பது நலம். அவற்றின் பஞ்சு ஒலிவாங்கித் துளையை அடைத்துவிடும்.

3. காதின் பின்புறம் அணியும் வகையில், காதுக்குள் பொருந்தும் இயர் மோல்டையும் அதன் குழாயையும் கருவியிலிருந்து பிரியுங்கள். குழாயில் நிற்கும் நீர்த்துளியை, இதற்கென விற்கும் ரப்பர் ஊதியால் வெளியேற்றுங்கள். வாயால் ஊத வேண்டாம். மூச்சுக்காற்றிலும் ஈரம் உண்டு.

4. பேட்டரிக் கதவைத் திறந்த நிலையிலேயே, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் ஒரு முழு நாள் வையுங்கள். சிலிக்கா மணிகளின் நிறம் மாறியிருந்தால் அவை ஈரத்தை உறிஞ்சும் திறனை இழந்துவிட்டன, புதியவற்றை இடுங்கள்.

5. அதன் பிறகு புதிய பேட்டரி இட்டு, ஒருமுறை இயக்கிப் பாருங்கள். ஒலி வரவில்லை, கரகரக்கிறது, விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் மீண்டும் மீண்டும் முயலாமல் கொண்டு வாருங்கள்.

சாயநீர், சோப்பு நீர், உவர்நீர் ஆகியவற்றில் முழுதும் மூழ்கிய கருவியாயின் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திக்கொண்டு, அன்றே பழுதுபார்க்கும் இடத்திற்குக் கொண்டு செல்லுங்கள். உள்ளே தங்கிய உப்பை அகற்றுவது பயிற்சி பெற்றவரின் பணி. வீட்டில் திருகுகளைக் கழற்ற வேண்டாம்.

செய்யக்கூடாதவை

ஹேர் டிரையர், அடுப்பு, அயர்ன் பாக்ஸ், நேரடி வெயில் ஆகியவற்றின் வெப்பம் கருவியின் உறையையும் பசையையும் பேட்டரியையும் கெடுக்கும். அரிசி, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைச் சிறிதளவே உறிஞ்சும். கருவிக்குள் தேங்கிய நீரை இழுத்தெடுக்காது. அதன் மாவுத்தூள் துளைகளுக்குள் புகுந்து புதிய சிக்கலையும் உண்டாக்கும். நனைந்த கைப்பேசியை அரிசிப் பையில் இட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

என் கருவியில் ஐபி 68 என்று போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அதில் முதல் எண் தூசியையும், இரண்டாம் எண் நீரையும் தாங்கும் அளவைக் குறிக்கிறது. அச்சோதனை புதிய கருவியில், சாதாரண நன்னீரில் செய்யப்படுவது. உப்பு, சோப்பு, சாயம் ஆகியவற்றுக்கோ, ஆண்டுக்கணக்கில் அணிந்து தேய்ந்த கருவிக்கோ அது உறுதிமொழி ஆகாது.

ஒலி நின்றதெல்லாம் பழுதன்று

பெரும்பாலான கருவிகளில் உள்ள பட்டன் பேட்டரி துத்தநாக–காற்று வகையைச் சேர்ந்தது. அதன் மேலுள்ள நுண்துளைகள் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பெற்றுத்தான் அது மின்சாரம் தருகிறது. அத்துளைகளை ஈரம் மூடினால் பேட்டரி மூச்சடைத்து நின்றுவிடும். குழாயில் நிற்கும் ஒரே ஒரு நீர்த்துளியும் ஒலியை முற்றிலும் தடுத்துவிடும். இவ்விரண்டிலும் கருவிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆகவே நனைந்த பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதியதன் ஒட்டுத்தாளை நீக்கி, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்தபின் பொருத்துங்கள்.

பேட்டரியும் குழந்தைகளும்

வெளியே எடுத்த பேட்டரியை மேசை மேல் விட்டுவிடுவது பேராபத்து. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கினாலோ, மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி 2 மணி நேரத்திற்குள் கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். சிலிக்கா மணிகளையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கருவி உலரும் அந்த ஒரு நாள்

கருவி டப்பாவில் இருக்கும் வேளையில் அதை அணிந்தவர் அமைதிக்குள் தள்ளப்படுகிறார். விசைத்தறியின் இரைச்சலில் பல்லாண்டு உழைத்துச் செவித்திறன் குன்றிய பெரியவர், மருந்தை எத்தனை வேளை உண்ண வேண்டும் என்று மருத்துவர் கூறுவதைத் தவறாகப் புரிந்துகொண்டு, கேட்டதுபோல் தலையசைத்துவிடக் கூடும். எனவே அவருடன் வருவோர், கருவி பழுதுற்றிருப்பதைச் செவிலியரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள். அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேளுங்கள்.

குழந்தைகளின் நிலை இன்னும் கூர்மையானது. பேச்சும் மொழியும் உருவாகும் வயதில், கேளாமல் கழியும் ஒவ்வொரு நாளும் இழப்பே. பழுதுபார்க்கச் சில நாட்கள் ஆகும் எனில், இடைக்காலக் கருவி கிடைக்குமா என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் தயங்காமல் கேளுங்கள். காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்திய குழந்தையின் வெளிக்கருவி நனைந்தாலும் முதற்படி அதுவே: மின்சாரத்தைத் துண்டித்து, உலர வைத்து, அறுவை சிகிச்சை செய்த மையத்தை அன்றே தொடர்புகொள்ளுங்கள்.

இரவில் உறங்கும்முன் பேட்டரிக் கதவைத் திறந்து, கருவியைச் சிலிக்கா டப்பாவில் இடுவதை வழக்கமாக்கிக்கொண்டால், அன்றாட வியர்வையின் ஈரம் அன்றன்றே நீங்கும். நனைந்துவிட்ட நாளிலும் கை பழக்கத்தால் முதலில் பேட்டரியையே தேடும்.