சின்னத் துப்பாக்கி: கழற்றுவது எளிது, மாட்டுவதுதான் பாடு

1974 மார்ச் 20-ஆம் தேதி இரவு, லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அருகே இளவரசி ஆன் சென்ற காரை ஒருவன் மறித்தான். இளவரசியைக் கடத்துவது அவன் திட்டம். உடன் வந்த மெய்க்காவலர் இன்ஸ்பெக்டர் ஜேம்ஸ் பீட்டன், தம்மிடமிருந்த வால்தர் பிபிகே கைத்துப்பாக்கியால் ஒரு முறை சுட்டார். குறி தவறியது. மறுபடி சுட முயன்றபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மூன்று குண்டுகளை உடம்பில் வாங்கிய பீட்டன் உயிர் பிழைத்தார், இளவரசியும் தப்பினார்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1979 அக்டோபர் 26-இல், தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். அவர் கையிலிருந்ததும் பிபிகேதான். அதுவும் பாதியில் தகராறு செய்ய, தம் ஆளிடம் ரிவால்வரை வாங்கி அந்தக் காரியத்தை முடித்தார்.

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பாண்ட் சாவகாசமாக உட்கார்ந்து அதைத் துடைத்து எண்ணெய் போடுவதைத்தான் படத்தில் காட்ட மாட்டார்கள்.

துப்பாக்கி சிக்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. தோட்டா சரியில்லாமல் இருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிடித்த பிடி சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் வைத்திருப்பவர் தம் கையாலேயே தடுக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு: அழுக்கு. சின்னத் துப்பாக்கிகளில் இது பெரிய தொல்லை. சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் கிடப்பதால் வியர்வையும் துணிப் பிசிறும் சேரும்; சுட்டால் மருந்துக் கரியும் படியும். பாகங்களுக்கு இடையே இடைவெளி குறைவு என்பதால் கொஞ்சம் அழுக்கே போதும்.

அப்படியானால் அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியதுதானே? சிக்கல் அங்குதான்.

பெரிய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் சுடும் கணத்தில் குழலும் அதன்மேல் ஓடும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பிபிகேயில் அந்தப் பூட்டு இல்லை. குழல் அசையாமல் நிற்கும். ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும் மட்டுமே வெடியின் வேகத்தைத் தாங்க வேண்டும். ஸ்லைடு சிறியது, எடை குறைவு. ஆகவே ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும். அதுவும் குழலைச் சுற்றியே மாட்டப்பட்டிருக்கும்.

கழற்றும்போது விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே இழுத்து ஒரு பக்கம் சாய்த்து வைத்தால், ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, மேலே தூக்கி, முன்பக்கமாக உருவிவிடலாம். அரை நிமிட வேலை. திரும்ப மாட்டும்போதோ இரண்டு கை போதாது. வளையம் மேலே ஏறிவிடாமல் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் கோணாமல் குழல்மேல் நிற்க வேண்டும். ஸ்லைடின் முன்துளைக்குள் குழல் நுழைய வேண்டும். பிறகு ஸ்பிரிங்கை எதிர்த்து ஸ்லைடைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்து, பின்பகுதியைக் கீழே அழுத்த வேண்டும். ஒரு விரல் நழுவினால் ஸ்பிரிங் அறையின் மறுகோடிக்குப் பறக்கும். அதன் ஒரு முனை மற்றதைவிடக் குறுகலானது. எந்த முனை முதலில் போக வேண்டும் என்பதைக் கையேட்டைப் பார்த்தே மாட்ட வேண்டும், நினைவை நம்பி அல்ல.

இப்படி ஒருமுறை பட்டவர் அடுத்த முறை "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்பார். ஆயுதம் அழுக்கேறுவது இந்தச் சலிப்பால்தான். ரூகர் நிறுவனம் 1949 முதல் விற்ற .22 கைத்துப்பாக்கியும், அளவில் பெரியதானாலும், மாட்டுவதற்குச் சிரமம் என்று அமெரிக்காவில் பெயர் வாங்கியது. ஒரே பொத்தானில் திறக்கும் மாதிரி வந்தது 2016-இல்தான்.

உயிர் போகும் தவறு மாட்டும்போது அல்ல, கழற்றத் தொடங்கும்போது நேர்கிறது. தோட்டாப் பெட்டியை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். குழலின் அறைக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். பிபிகேயில் அறைக்குள் தோட்டா இருந்தால் பின்பக்கம் ஒரு சிறு ஊசி வெளியே நீட்டும். இருட்டிலும் தடவிப் பார்க்கலாம். அதையும் நம்பி நின்றுவிடக் கூடாது. ஸ்லைடை இழுத்துக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேலை. தோட்டாக்கள் வேறு அறையில் இருப்பது நல்லது. எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். வழிய விட்டால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும்.

மலேசியாவில் கைத்துப்பாக்கி உரிமம் பெறுவது சாதாரண விஷயமல்ல. ஆனால் தோட்டப்புறத்துக்கு இந்த ஆயுதம் அந்நியமும் அல்ல. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. அதன்பின் துரைமார் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் மலைக்காட்டுக்குப் போகவில்லை. பழைய வீட்டை இடிக்கும்போதோ தாத்தாவின் இரும்புப் பெட்டியைத் திறக்கும்போதோ அப்படி ஒன்று துருவேறிக் கிடைத்தால், துடைத்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். கூடாது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கடுந்தண்டனை) சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம். துருப்பிடித்த துப்பாக்கிக்குள் பழைய தோட்டா இல்லையென்றும் யாராலும் உறுதி சொல்ல முடியாது. பையில் போட்டு நிலையத்துக்குக் கொண்டுபோவதும் தவறு. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, 999-க்கு அழைத்துச் சொல்லி, போலீசார் வரும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.