அப்பாவின் கொரோனா (வைரஸ் இல்ல, கார்!)

எபிசோட்ல சொல்ல நேரம் பத்தாத கதை இது.

அப்பாவோட பழைய டொயோட்டா கொரோனாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஆனா வைட்டாக்கரே மலை வளைவுகள்ல அவ்வளவு நிதானமா போகும். காரணம் கிறிஸ் ஏமன், 1966ல லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற நியூசிலாந்துக்காரர். 1980களில் இங்கே அசெம்பிள் ஆன டொயோட்டாக்களின் சஸ்பென்ஷனை இந்த ஊர் ரோடுகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தவர் அவர்தான். ஸ்பிரிங் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ளும். டாம்பர் அந்த ஆட்டத்தை அடக்கும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கார் சொன்ன பேச்சு கேட்கும். 1998ல இங்க அசெம்பிளியே நின்னுபோச்சு.

அப்பாவுக்கு இப்போ பார்வை மங்கல். பக்கத்து சீட்ல கண்ணை மூடியிருந்தவர், வளைவு முடிஞ்சதும், "நடுவுல பிரேக் மிதிக்கல, நல்லது"ன்னார்.

விக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு வாரண்ட் எடுக்கக் கொண்டுபோறேன்.