எங்கே நிற்பது?

கொங்கு வெளிச்சம் – 9

சென்ற வாரம் ஊட்டி இந்து நகரில் நின்றோம். 1960இல் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்திக்கு வந்து, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளை நாடெங்கும் அனுப்பிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் கதை அது. இன்று சுருள் இல்லை, கழுவும் வேலை இல்லை, இருட்டறை இல்லை. அன்று சுருளையும் கழுவும் மருந்தையும் பற்றி ஓடிய பேச்செல்லாம் இப்போது லென்ஸ் பக்கம் திரும்பிவிட்டது.

நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு சிங்காநல்லூர் குளக்கரைக்கு வாருங்கள். மாநகராட்சி 2017இல் இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. நீலத்தாழைக்கோழி, பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாம் இருக்கும். அவற்றுக்கு எதிரே கழுத்தில் கேமரா தொங்க ஒரு கூட்டமும் இருக்கும். மில் மேனேஜர், பம்ப்செட் பட்டறைக்காரர், கல்லூரிப் பையன், ஓய்வுபெற்ற பேங்க்காரர் என்று பலரும். படமெடுப்பது இவர்கள் யாருக்கும் தொழில் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் வேறு ஆட்கள்.

போன மாதம் நான் காதால் கேட்டது:

“ஏனுங்ணா, டூ ஹண்ட்ரட் ஃபைவ் ஹண்ட்ரட் வாங்கீட்டீங்களாட்ட இருக்குதுங்?”

“வாங்கியாச்சுங் தம்பி. வூட்ல இன்னும் சொல்லுல.”

சிரித்தோம். ஆனால் பக்கத்தில் நின்ற நாலு பேரின் கண்ணும் அந்த லென்ஸ் குழாயைவிட்டு நகரவில்லை. வந்திருந்த பறவை எதுவென்று பிறகுதான் கேட்டார்கள்.

இந்த ஆசை எப்படி வந்தது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரத்தை அதன் எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் அகலம் கிடைக்கும். 600 எம்.எம். லென்ஸில் எஃப் 4 வேண்டுமென்றால் 150 மில்லிமீட்டர், அதாவது அரையடி. அந்த அகலத்துக்குப் பழுதில்லாத கண்ணாடியைக் கடைந்து தேய்த்துப் பூச்சுப் பூச வேண்டும். அதனால்தான் விலை பத்து லட்சத்தைத் தாண்டுகிறது, எடை மூன்று கிலோவுக்கு மேல் போகிறது. ரொம்ப காலம் அது பெரிய இடத்துச் சமாச்சாரமாகவே இருந்தது.

2013 கடைசியில் டாம்ரான் நிறுவனம் 150–600 எம்.எம். ஜூமை அறிவித்தது. அடுத்த ஆண்டு சிக்மா அதே நீளத்தில் இரண்டு லென்ஸைக் கொண்டுவந்தது. 2015இல் நிக்கானின் 200–500 வந்தது. முழு நீளத்துக்கு இழுத்தால் முதல் இரண்டு நிறுவனத்தாருடையதிலும் எஃப் 6.3 தான். எஃப் 4ஐவிட இரண்டரை மடங்கு குறைந்த வெளிச்சம். ஆனால் விலை ஒரு லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது, எடையும் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்குப் பக்கம் வந்துவிட்டது. சீட்டுப் பணத்திலும் போனஸிலும் வாங்கக்கூடிய பொருளாயிற்று. கோவையின் குளக்கரைகளில் நீளக்குழாய்கள் முளைத்தது அதற்குப் பிறகுதான்.

வாங்கியவர் முதல் நாள் செய்யும் தப்பு ஒன்றுதான்: குழாய் நீளம் என்பதால் எட்ட முடியாத தூரத்துக்கெல்லாம் குறிவைப்பார். காலை எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் கரைக்கும் பறவைக்கும் நடுவே காற்று நெளியத் தொடங்கும். தார்ச்சாலையில் தெரியும் கானலேதான். நூறு மீட்டர் காற்றை ஊடுருவி வரும் படத்தில் கொக்கின் இறகு எண்ணெயில் தீட்டியதுபோல் குழைந்திருக்கும். “லென்ஸ் சாஃப்டா இருக்குது, மாத்தணும்” என்பார். லென்ஸில் கோளாறு ஒன்றும் இருக்காது. இடையில் இருந்த காற்றுதான் படத்தைக் குழப்பியது.

எனக்கு இந்தப் பாடம் குளத்தில் கிடைக்கவில்லை, சந்தையில் கிடைத்தது. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரையில் மாரியம்மன் திருவிழாவோடு மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாடுகளைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. செவலையாகப் பிறந்து, மாதங்கள் போகப் போக நிறம் மாறி, வளர்ந்த காளையானபின் திமிலும் கழுத்தும் கருத்து நிற்கிற மயிலைகள். எல்லாரும் அகலக் கோண லென்ஸ் மாட்டிக்கொண்டு போகும் காலம் அது. நானும் 24 எம்.எம். மாட்டி, ஒரு பொலிகாளையின் முகத்துக்கு மூன்றடியில் போய் உட்கார்ந்து எடுத்தேன். மூக்கணாங்கயிறும் ஈரமூக்கும் வானமுமாக, எனக்கு அது பிரமாதமாகத் தெரிந்தது. திரையைத் திருப்பி மாட்டுக்காரரிடம் காட்டினேன்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஏனுங்க சாமி, எம்மாடு இப்பிடியா இருக்குது? தலை பானையாட்ட இருக்குது. திமிலு எங்கீங்க?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தலை மூன்றடி, திமில் ஆறடி. இருமடங்கு தூரத்தில் இருப்பது பாதியாகச் சிறுத்துத் தெரியும். காங்கேயம் காளைக்கு அழகே திமில்தான், அதை நான் பாதியாக வெட்டிவிட்டேன். “அங்க, வேப்பமரத்துக்கிட்டப் போயி நின்னு எடுங்க” என்று கை நீட்டினார். பதினைந்தடி இருக்கும். அங்கே நின்றால் தலைக்கும் திமிலுக்கும் உள்ள கணக்கு 15க்கு 18 ஆகிவிடுகிறது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 85 எம்.எம். மாட்டி எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெயரும் ஊரும் சொன்னார், மோர் கொடுத்தார்.

புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லும் விஷயம் இது. உருவங்களின் விகிதத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டும்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது. கேமரா பிடித்தே அறியாத அவர் மாட்டைப் பார்க்கத் தெரிந்தவர். எங்கே நின்றால் அது மாடாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீளக்குழாய் இல்லாமலும் காட்டுயிர்ப் படம் உண்டு என்பதற்கு கோவையிலேயே சாட்சி இருக்கிறது. கோவைக்காரரான வருண் ஆதித்யா 2016இல் நேஷனல் ஜியாகிரபிக் நடத்திய இயற்கை ஒளிப்படப் போட்டியில் விலங்கு உருவப்படப் பிரிவில் முதல் பரிசு பெற்றார். படம், பச்சைப் பாம்பு. நம் ஊரில் கண்கொத்திப் பாம்பு என்று சொல்லி, பிள்ளைகளைக் கிட்டப் போகவிடாமல் தடுப்பார்களே, அதே பாம்பு. மகாராஷ்டிரத்தின் அம்போலியில், ஜூலை மாத மழை நாளில், இருந்த வெளிச்சத்தை வைத்தே எடுத்தது. லென்ஸ் 17–40 எம்.எம். நிலக்காட்சிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மாட்டுகிற அகலக் கோண லென்ஸ்தான். பாம்புக்குப் பின்னால் காடும் படத்துக்குள் வந்தது, கிட்ட நின்றதால்தான். அந்த அளவு கிட்ட நிற்கலாம் என்பதை அறிய, பாம்பைத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைக் கொத்தும் என்று நம்புகிறவரால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது.

இன்னொருவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தவர் நம் தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன். கிருஷ்ணன் ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் உறுப்புகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட கருவியால் படமெடுத்தார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்கு அவரே கேலிப்பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளையை விடவில்லை. கருவியின் குறையை ஈடுகட்ட, நிற்கும் இடத்தை மாற்றினார்: வளர்ப்பு யானையின் முதுகில் ஏறிப் போனார். காட்டு மிருகங்கள் யானையைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை.

நமக்கு யானை கிடைக்காது. வால்பாறை ரோடு கிடைக்கும். ஆழியாறிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதை நம் கூட்டத்தில் தெரியாதவர் இல்லை. லோம்ஸ் வியூ. அங்கே வரையாடு சாலையோரப் பாறையிலேயே நிற்கும். 50 எம்.எம். போதும் என்று தோன்றுமளவு கிட்ட. நான் சொல்வது: அங்கேதான் நீளக்குழாயை மாட்டுங்கள். மாட்டிக்கொண்டு நாற்பதடி பின்னால் வாருங்கள். ஆடு மேய்வதை நிறுத்தாது, குட்டி தாயைவிட்டு ஓடாது. புதுத்தோட்டத்துச் சோலைமந்திகளுக்கும் இதே பேச்சுதான். கிட்ட வரவழைக்க பிஸ்கட் நீட்டினால், மறுநாள் அது அடுத்த வண்டிக்கு முன்னால் வந்து உட்காரும். அந்தக் குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். அதன் கீழேயே நின்று தின்பண்டம் காட்டிக் கூப்பிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இருவாச்சி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். கூட்டுக் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு வழியாக ஆண் கொண்டுவரும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு. பொந்துக்கு எதிரே ஆறு ட்ரைபாட் நின்றால் ஆண் தள்ளி ஒரு மரத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கும், நாம் போகும்வரை. படம் எவ்வளவு கூர்மையாக விழுந்தாலும் அது பட்டினிபோட்டு எடுத்த படம். சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேயிலைத் தோட்டத்து மரத்தில் இருக்கும் கூட்டுக்கு வாசலில் காவலர் இருக்க மாட்டார். அங்கே நாம்தான் காவல்.

லென்ஸைக் காப்பது பற்றியும் இரண்டு வார்த்தை. பாலக்காட்டுக் கணவாய் நமக்குக் கொடுத்த சீதனம் காற்று. ஆனி ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை சுழல்கிற வேகத்தில் வெட்டவெளியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி குடியேறிவிடும். மேற்கே முதுகைக் காட்டி, கேமராவின் வாயைக் கீழே கவிழ்த்து மாற்றுங்கள். மலையில் பிரச்சினை நேர்மாறு. ஒரு மழைக்காலத்தில் வால்பாறையிலிருந்து இறங்கி, நனைந்த பையை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று மாதம் கழித்து எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் நூல் நூலாகப் பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிட்டது. துடைத்துக் கொடுத்தார்கள், தழும்பு போகவில்லை. தவறு முழுக்க என்னுடையது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டாம், மாவுத்தூசிதான் ஏறும்.

இப்போது அந்த நிரந்தரக் கேள்வி: “எனக்கு எந்த லென்ஸ்ங்க வாங்கலாம்?” வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். என் பதில் இதுதான். கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸோடு நான்கு ஞாயிறு ஒரே குளத்துக்குப் போங்கள். திருப்பூர்க்காரர்கள் நஞ்சராயன் குளத்துக்குப் போகலாம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த குளம் அது. பனிக்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே இறங்கும். ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு. எங்கே போனாலும் ஒரு பறவையைத் தேர்ந்துகொண்டு மெல்ல நடந்து பாருங்கள். எத்தனை அடியில் அது தலையைத் தூக்குகிறது, எத்தனை அடியில் நகரத் தொடங்குகிறது என்று எண்ணுங்கள். பொங்கலையொட்டி 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்தால், எண்ணும் பழக்கம் உள்ளவர்கள் துணைக்கும் கிடைப்பார்கள்.

தலையைத் தூக்கிய அந்தத் தூரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறுபதடியோ நூறடியோ, அதற்கு உள்ளே நாம் போகக் கூடாது. கடைக்காரர் என்ன பட்ஜெட் என்று கேட்பார். அதற்கு முன்னால் அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.

(தொடரும்)