பச்சைக் கடலை வாங்கும்போது

வெளிநாட்டில் இருக்கும் நம் அன்பர்கள் இலையுதிர் காலம் என்கிறார்கள். எங்கள் சத்தியவேட்டில் அப்போது ஐப்பசி மழை; மானாவாரிக் கடலை பிடுங்கும் நேரம். வேர்க்கடலை என்று கேட்டாலும் வேருசெனக்காய் என்று கேட்டாலும் சந்தையில் கொடுப்பார்கள்.

ஆந்திராவில் ரைத்து பஜார் 1999 ஜனவரி 26-லும், தமிழகத்தில் உழவர் சந்தை அதே ஆண்டு நவம்பர் 14-லும் தொடங்கப்பட்டன. இடைத்தரகர் இல்லாததால் காலையில் பிடுங்கியதை மாலையில் தின்னலாம். ஆனால் அந்த ஈரத்திலேயே ஓர் ஆபத்தும் உண்டு.

பிடுங்கிய கடலையில் ஏறக்குறைய 40 சதவீதம் ஈரம். சேமித்து வைக்க அது 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். இதை நினையாமல், டில்லியிலுள்ள மகளுக்காக ஐந்து கிலோவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். ஈரக் கடலை மூச்சுவிடும், சூடாகும். அச்சுப் பெட்டியின் சூட்டைத் தொட்டே சொல்லிப் பழகிய என் கை, அந்தப் பையைத் தொடவில்லை! மூன்றாம் நாள் பிரித்தால் பச்சைப் பூசணம்.

"கழுவி அவித்துவிடலாமே" என்றாள் என் மனைவி. கூடாது. அந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. ஈரலைக் கெடுக்கும், கொதிநீரில் அழியாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தது இந்த நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கால்தான்.

ஆகவே வாங்கிய அன்றே பரப்பி உலர்த்துங்கள், அல்லது அவித்துவிடுங்கள். ஓட்டின் உட்புறம் பழுப்பேறியிருந்தால் முற்றியது, வெண்மையாயிருந்தால் இளசு. அவிக்க நான் இளசையே பொறுக்குவேன். கல்லுப்புப் போட்டுக் குக்கரில் நாலு விசில்; வடிக்காமல் அரை மணி விட்டால் உப்பு உள்ளே இறங்கும்.