உங்களுக்குத் தெரியுமா? கொரோனா காலத்தில் கணக்கில் வராத நோய்கள்

● 2020 மே 6 அன்று தமிழ்நாட்டில் கொரோனா உறுதியானவர்கள் 771 பேர். சென்னையில் 324, அதற்கு அடுத்து அரியலூர் மாவட்டத்தில் 188. பெரும்பாலும் கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். அந்த மாவட்டத்து மீன்சுருட்டி, சென்னை–கும்பகோணம் சாலையில், சேத்தியாத்தோப்பு தாண்டி, கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களில் அந்த வாரம் ஒருவருக்கு இருமல் என்றால் எல்லாருக்கும் ஒரே நோய்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

● கிராமத்துக் காய்ச்சல் டெல்லிக்கு எப்படித் தெரிகிறது? 2004 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறிகளை வைத்து நிரப்புவது ‘எஸ்’, டாக்டர் நோயை ஊகித்து எழுதுவது ‘பி’, ஆய்வகம் உறுதி செய்து எழுதுவது ‘எல்’. அப்போது அவை வாரம் தவறாமல் மேலே போக வேண்டியிருந்தது. ஆனால் கொரோனா நாளில் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் போய் வந்தவரும் அதே செவிலியர். ஆய்வகத்தில் சளி மாதிரியோடு நின்றவரும் அதே லேப் டெக்னீசியன். யாரும் சும்மா இருக்கவில்லை. இருந்த கைகள் அவ்வளவுதான்.

● இதில் அதிகம் அடிபட்டது காசநோய்க் கணக்கு. 2019-இல் இந்தியாவில் பதிவான டிபி நோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-இல் 18 லட்சம். ஒரே வருடத்தில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இதைப் பார்த்து மகிழ முடியாது. ஊரடங்கில் நின்ற தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் ஜூன் 1-இல்தான் பகுதியளவு ஓடத் தொடங்கின. அதுவரை சளிப் பரிசோதனைக்கு எதில் போவது? டிபி கண்டுபிடிக்க வாங்கிய சிபிநாட், ட்ரூநாட் கருவிகளில் கொரோனா பரிசோதனையும் நடந்தது. இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் வேறு. ‘கொரோனா இல்லை’ என்று முடிவு வந்ததும் நிம்மதியாக வீடு திரும்பியவருக்கு, அப்படியானால் இந்த இருமல் எதனால் என்று பார்க்க ஆளில்லை.

கிருமி குறையவில்லை என்பதற்குச் சாட்சி சாவுக் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பத்து வருடங்களுக்கும் மேலாக இறங்கி வந்த உலக டிபி மரணங்கள் 2020-இல் மறுபடி ஏறின. இந்தியாவில் பதிவு மீண்டும் 24 லட்சத்தைத் தொட்டது 2022-இல். இடைப்பட்ட காலத்தில் கண்டுபிடிக்கப்படாதவர்கள் தம் வீட்டிலேயே, தம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பத்தியில் எனக்கு மிகவும் வலிக்கிற செய்தி இதுதான்.

● டெங்கு: 2019-இல் நாட்டில் சுமார் 1.57 லட்சம் பேர், 2020-இல் வெறும் 44,585, 2021-இல் 1.93 லட்சத்துக்கு மேல். 2020-இல் நடமாட்டம் குறைந்ததும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனால் காய்ச்சல்காரர் வீட்டிலேயே படுத்துக் கசாயம் குடித்து எழுந்துவிட்டால் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

● சிங்கப்பூரில் 2020 தொடக்கத்தில் இருவருக்கு ரத்த விரைவுப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. பிறகுதான் தெரிந்தது, அது கொரோனா.

● நூறு வருடத்துக்கு முன்னும் இதே கதைதான். 1918 இன்ஃப்ளூயன்சாவின்போது, இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள உடையார்பாளையம் வட்டம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்து மரணப் பதிவேட்டில் காலராவுக்கும் பெரியம்மைக்கும் தனிப் பத்தி இருந்தது. இன்ஃப்ளூயன்சா சாவுகளில் பெரும்பகுதி ‘காய்ச்சல்’ என்ற பொதுப் பத்தியில் போய் விழுந்தது. அதனால்தான் எத்தனை பேர் இறந்தார்கள் என்று இன்றும் மதிப்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

● தொற்றுநோயைப் பற்றித் தகவல் தருவது டாக்டரின் கடமை என்று 1939-இலேயே சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். நகராட்சி இல்லாத ஊர்களில் கிராமத் தலைவரிடம் சொன்னாலும் போதும் என்றது அந்தச் சட்டம்!

● 2014-இல் எபோலா பரவிய கினியாவில், அந்த ஒரு வருடத்தில் மருத்துவ நிலையங்களுக்கு வந்த மலேரியா நோயாளிகள் ஏறக்குறைய 74,000 பேர் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கொசு குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எபோலா ஒட்டும் என்று மக்கள் அஞ்சினார்கள்.

● 18 நோய்களைக் கண்காணித்து வந்த நம் நாட்டு நோய்க் கண்காணிப்பு அமைப்பு, 33 நோய்களைக் கவனிக்கும் இணையத் தளமாக மாறியது 2021 ஏப்ரலில். கொரோனா இரண்டாம் அலை எழும்பிய அதே மாதம்.

● எல்லாக் குறைவும் பொய்யல்ல. இந்தியாவில் 2019-இல் 28,798 பேரைப் பிடித்த எச்1என்1 காய்ச்சல், 2021-இல் 778 பேரோடு நின்றது. உலகெங்கும் ஆய்வகங்கள் ஃப்ளூவைத் தொடர்ந்து தேடின. மாதிரிகள் ஆயிரக்கணக்கில் போயும் கிருமி அகப்படவில்லை. முகக்கவசமும் நின்றுபோன பயணமும் அதை உண்மையிலேயே அடக்கின. எத்தனை பேருக்கு நோய் என்பதோடு எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால், டிபியின் குறைவும் ஃப்ளூவின் குறைவும் வேறு வேறு என்பது புரிந்துவிடும். ‘பி யமகாட்டா’ என்ற ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. 2023-இல் அதைத் தடுப்பூசியிலிருந்தே எடுத்துவிடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்.