வளம் வேறு, இருப்பு வேறு

பூமியில் கனிமம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வெளியாகும்போதெல்லாம் ‘இத்தனை லட்சம் டன்’ என்றோர் எண்ணும் உடன் வருகிறது. நமது ஜனங்கள் அவ்வெண்ணைக் கஜானாவில் பூட்டிய பொன்னாகவே பாவித்து மகிழ்கின்றனர். 2023-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், ஜம்மு பிரதேசத்து ரியாசி ஜில்லாவில் 59 லட்சம் டன் லித்தியம் உண்டென்று இந்திய சர்க்கார் அறிவித்தபோது நேர்ந்ததும் இதுவே. அவ்வறிவிப்பிலேயே ‘ஊகிக்கப்பட்ட வளம், ஜி-3’ என்ற சொற்கள் இருந்தன. எண்ணைக் கவனித்தவர்கள் அநேகர். அச்சொற்களைக் கவனித்தவர்கள் சிலரே. பின்னர் அந்நிலம் ஏலத்துக்கு வந்தபோது, போதிய பேர் கேட்க முன்வராமையால் 2024-ல் அவ்வேலம் ரத்தாயிற்று.

இச்சொற்களின் தாத்பரியத்தை அறியச் சென்னையின் தென்புறத்து வாசிகள் வெகுதூரம் போகவேண்டுவதில்லை. தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறுவோர் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளைத் தினந்தோறும் காண்கின்றனர். அவற்றின் பாறை ‘சார்னகைட்’ எனப்படும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் இவ்வினத்தைச் சேர்ந்ததாகையால், பூகர்ப்ப சாஸ்திர நிபுணர் தாமஸ் ஹாலண்டு 1893-ல் அப்பெயரை இட்டார். கட்டடத்துக்கு உகந்த கருங்கல் அங்கே உண்டென்பதற்குப் பழைய குவாரிப் பள்ளங்களே சாட்சி. ஆயினும், அதை வெட்டி விற்கத்தக்க இருப்பென்று ஒரு கம்பெனி கணக்கில் எழுதிக்கொள்ள முடியுமா? அடிவாரமெங்கும் குடியிருப்புகள், எதிரே விமான நிலையம், பரங்கிமலையிலோ அப்பாறையே தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கல் இருக்கிறது, இருப்பு இல்லை.

சுரங்கத் தொழிலின் பாகுபாடும் இதையே அடிப்படையாகக் கொண்டது. பூமியில் உள்ளதும், என்றேனும் லாபகரமாக வெட்டியெடுக்கலாமென்று நம்ப நியாயமான இடமுள்ளதுமே ‘வளம்’. கண்டிப்பாகப் பார்த்தால் திரிசூலக் கல்லை வளமென்றும் சொல்லுதற்கில்லை. துளையிட்டு எடுத்த மாதிரிகள் தரும் உறுதிக்குத் தக்கபடி, வளமானது ஊகிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, அளவிடப்பட்டது என மூன்று படிகளாகும். வெட்டும் செலவு, விற்கும் விலை, தாதுவைப் பிரிக்கும் முறை, சட்டம், சுற்றுப்புறம், ஊராரின் நிலை ஆகிய யாவற்றையும் ஆராய்ந்து, கட்டுப்படியாகுமென்று கண்ட பகுதியே ‘இருப்பு’. அது சாத்தியமானது, ருசுவானது என இருவகைப்படும். ஊகிக்கப்பட்ட வளம் நேரே இருப்பாக மாறுவதில்லை. கோர்ட்டு பாஷையில் சொன்னால் அது பிராது. ருசுவான இருப்போ தீர்ப்பு. அத்தீர்ப்பும் மாறக்கூடும்: விலை வீழ்ந்தால், ஒரு பிடி மண்ணும் நகராமலே இருப்பு குறைந்துவிடும். இந்தியாவில் 2015-ம் வருஷத்து விதிகள் ஆராய்ச்சியை ஜி-4 முதல் ஜி-1 வரை நான்கு கட்டங்களாக வகுத்துள்ளன. அறிவிப்பு வெளியான நாளில் ரியாசி இரண்டாவது கட்டத்தில்தான் இருந்தது.

இப்பாகுபாட்டின் அவசியத்தை உலகம் அடிபட்டே கற்றது. 1969-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நிக்கல் கண்ட பொசைடன் கம்பெனியின் பங்கு, ஒரு டாலருக்கும் குறைந்த விலையிலிருந்து சில மாதங்களில் 280 டாலருக்கு ஏறி, பின்னர் சரிந்தது. அதன் படிப்பினையால் 1971-ல் ஒரு கமிட்டி ஏற்பட்டு, 1989-ல் ‘ஜோர்க்’ விதித்தொகுப்பு வெளியாயிற்று. அதன்படி, தகுதிவாய்ந்த நிபுணர் ஒருவர் தம் பெயரிட்டுக் கணக்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். கனடாவின் பிரி-எக்ஸ் கம்பெனியோ இந்தோனேஷியாவின் புசாங்கில் பெருந்தங்கம் உண்டென்று முழங்கியது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டதென்பது 1997-ல் அம்பலமாயிற்று.

இது நிபுணர்களுக்கு மாத்திரம் உரிய விவகாரமன்று. நமது தேசத்தில் சுரங்கக் குத்தகையை ஏலத்தில் எடுப்போர் செலுத்தும் முன்பணம், மதிப்பிடப்பட்ட வளத்தின் விலைமதிப்பில் 0.5 சதவீதம். மதிப்பீடு குறைந்தால் பொதுஜனங்களின் கஜானாவுக்கு நஷ்டம். மிகைப்பட்டாலோ, பென்ஷன் பணத்தைப் பங்கில் போட்ட தாம்பரத்து முதியவருக்கும், வேலை வருமென்று நிலத்தை விட்டுக்கொடுத்த கிராமவாசிக்கும் நஷ்டம். ஆகவே, டன் கணக்கை வெளியிடும் சர்க்காரும் கம்பெனிகளும் அதன் வகுப்பையும் அதே பெரிய எழுத்தில் வெளியிடவேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். பத்திரிகைகளாகிய நமக்கும் அக்கடமை உண்டு. நேயர்களும் எத்தனை டன் என்று கேட்குமுன், எந்த வகுப்பு என்று கேட்பார்களாக.