கப்பல் ஓட்டிய குடும்பமும் கல்லில் நின்ற இராமகாதையும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து சென்றால் ஏரிக்கரையில் பழவேற்காடு என்னும் ஊரை அடையலாம். நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. இன்று அதன் கரையில் மீனவர் குப்பங்களும் வலை உலரும் மணல்மேடுகளும் கண்ணிற் படுகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன்னரோ இது கடல் கடந்த வாணிகத்தால் புகழ்பெற்ற துறைமுகம். அங்கே பெருவணிகராய் விளங்கிய உடன்பிறந்தார் இருவரின் வரலாறு, குடும்பமாக வாழும் அன்பர் அனைவரும் சிந்திக்கத் தக்கதாகும்.

மூத்தவர் அச்சுதப்ப செட்டியார். இளையவர் சின்னண்ண செட்டியார். தெலுங்கு பேசும் பலிஜர் குலத்தில் தோன்றியவர்கள். டச்சுக்காரரின் ஏடுகள் இவ்விருவரையும் ‘மலையா’ என்ற பெயரால் குறிக்கின்றன. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் இவ்வூரில் கெல்டிரியா என்னும் கோட்டையை அமைத்துக்கொண்டனர். அவர்களுக்குத் துபாஷியாகத் தொண்டைத் தொடங்கிய அச்சுதப்பர், விரைவில் அவர்களுடைய தலைமை வணிகராக உயர்ந்தார்.

உள்நாட்டு ஊர்களில் வாழ்ந்த நெசவாளர்க்கு முன்பணம் தந்து துணி நெய்வித்தல், சாயவேரால் செந்நிறம் ஏற்றிய ஆடைகளைக் கப்பலேற்றுதல், கீழைக்கடல் நாடுகளிலிருந்து மிளகும் ஈயமும் யானையும் கொண்டுவருதல் ஆகியவை அக்கால வாணிகம். டச்சுக்காரருக்குச் சரக்குத் திரட்டித் தந்ததோடு நில்லாமல், இக்குடும்பத்தார் தம் சொந்தக் கப்பல்களையும் கடலில் செலுத்தினர். ஊர்களின் வரிவருவாயையும் குத்தகைக்கு எடுத்தனர்.

1634-இல் அச்சுதப்பர் மறைந்தார். குடும்பப் பொறுப்பு சின்னண்ணரிடம் வந்தது. அவர் விஜயநகர மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கரின் அரசவையிலும் செல்வாக்குப் பெற்றார். செல்வமும் பதவியும் ஒருங்கே சேர்ந்த அந்நாளில்தான் வீட்டுக்குள் பிளவு தோன்றியது. சின்னண்ணருக்கும், குடும்பத்தின் இளைய தலைமுறையினரான இலட்சுமணர், கேசவர் ஆகியோருக்கும் இடையே 1640-களில் பகை முற்றியது. கோல்கொண்டாப் படையெடுப்பும், 1646–47-இல் சோழமண்டலக் கரையை வாட்டிய கொடிய பஞ்சமும் அதே காலத்தவை. புறத்தே இத்தனை இடர் சூழ்ந்தபோது அகத்தே ஒற்றுமை இல்லாது போயிற்று. சின்னண்ணர் 1659-இல் காலமானார். டச்சுக்காரரும் 1690-இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றிக்கொண்டனர். துறைமுகத்தின் பொலிவு மெல்ல மங்கியது.

இவ்வூரில் ஆதிநாராயணப் பெருமாள் திருக்கோயில் உள்ளது. செம்புரைக்கல்லால் எழுந்த இப்பழைய ஆலயத்தின் தனிச்சிறப்பு, இராமாயணக் காட்சிகளைச் சிற்றுருவங்களாகக் காட்டும் சிற்பங்களாகும். அண்ணனுக்குரிய நாட்டைத் தான் ஏலாமல், பாதுகையை அரியணையில் வைத்துத் தவக்கோலம் பூண்டான் பரதன். அரண்மனையைத் துறந்து அண்ணன் பின்னே கானகம் சென்றான் இலக்குவன். விட்டுக்கொடுத்த உடன்பிறப்புகளின் கதை கல்லில் நின்று விளங்கும் ஊரிலேயே, விட்டுக்கொடாத குடும்பம் ஒன்று தன் வலிமையை இழந்தது. இதனினும் தெளிவான படிப்பினை வேறு வேண்டுமோ!

ஏரிக்கரை மீனவர்களிடமும் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் ‘பாடு’ என்னும் மரபு வழங்கிவருகிறது. ஏரியில் மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை வலியவர் ஒருவரே கைக்கொள்ளாதவாறு, குடும்பங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வதே அம்மரபு. இன்று ஒருவர் வலையிட்ட இடத்தில் நாளை மற்றொருவர் வலையிடுவார். கப்பல் வைத்திருந்தோர் காணத் தவறிய நெறியை, படகு வைத்திருப்போர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர்.

சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் வயதில் இருக்கும் பெரியோர்கள், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு ஒருமுறை பழவேற்காடு சென்று வருவார்களாக. ஆதிநாராயணப் பெருமாளைச் சேவித்தபின், இராமகாதைச் சிற்பங்களின் முன்னே சற்று நின்று அக்கதையை இளையோர்க்கு எடுத்துரைப்பார்களாக. பொன்னையும் பூமியையும் விட, உடன்பிறந்தார் ஒன்றுபட்டு வாழும் மனமே நாம் விட்டுச்செல்லத்தக்க பெருஞ்செல்வம்.